மாட்டுக்கு ஐந்து கால்

"மாட்டுக்கு எத்தனை கால்?"

"அஞ்சு."

"கைக்கு எத்தனை விரல்?"

"ஆறு."

"வாரத்துக்கு எத்தனை நாள்?"

அவன் கூரையைப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான். கைலி முனையை வாயில் வைத்துக் கடித்து, சேவலைப் போல ஒருமுறை கூவினான். பிறகு, "எட்டு" என்றான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல உடம்பு, நல்ல மீசை, வயது முப்பதுக்குள். இப்படி ஒரு புத்தி கெட்டுப் போயிற்றே! அவன் சொன்னதை டாக்டருக்கு மலாயில் மொழிபெயர்த்து, கூடவே என் சொந்தச் செலவில் ஒரு பெருமூச்சும் சேர்த்தேன்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "பெருமூச்சு அவனுடையதா, உன்னுடையதா?" என்று கேட்டார்.

"என்னுடையது டாக்டர்."

"அதை நீயே வைத்துக்கொள்."

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரச் சர்க்கார் போட்ட அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருடங்கள். மலாக்கா ஆஸ்பத்திரியில் எனக்கு வார்டு உதவியாளர் வேலை. தமிழ் நோயாளிகள் வந்தால் மொழிபெயர்ப்பாளர் வேலையும் என் தலையில் விழும். டாக்டரின் பெயர் தான்; தெங்கேராவில் பரம்பரையாக இருக்கும் பாபா சீனக் குடும்பத்துக்காரர். வீட்டிலேயே மலாய் பேசுகிறவர். ஆகவே நாங்கள் இருவரும் பேசியதெல்லாம் மலாய்தான்; வாசகர் வசதிக்காக இங்கே தமிழாக்கியிருக்கிறேன். இந்த முறை பெருமூச்சு சேர்க்கவில்லை.

சென்ற வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு தஞ்சோங் கிளிங் வாசகி ஒருவர், "ஆஸ்பத்திரி கதை போதும், உங்கள் கல்யாணக் கதை எப்போது?" என்று கேட்டிருக்கிறார். அம்மா, பைத்தியக் கதை முடிந்தால்தானே கல்யாணக் கதைக்குப் போக முடியும்? எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை இருக்கிறதல்லவா?

வாளியில் சோறு

ஐந்துகால் மாட்டுக்காரனின் பெயர் காளியப்பன். ஜாசின் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் பால்மரம் வெட்டுகிறவன், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுப்பவன்.

அந்தக் காலத்து விதிகளைப் புதிய தலைமுறைக்குச் சொல்ல வேண்டும். தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளையெல்லாம் ஓரிடமாகக் கூட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டில் துப்பாக்கியோடு இருந்தவர்களுக்கு, நாங்கள் 'காட்டுக்காரர்கள்' என்போம், ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக் கூடாது என்பது சர்க்கார் கணக்கு. பல இடங்களில் சோற்றை ஒரே அடுப்பில் பொதுவாக ஆக்கிப் போடுவார்கள். வேலிக்குள்தான் தின்ன வேண்டும். பால் வெட்டப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு வாசலில் வரிசையில் நின்று, வாளியைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் வெளியே போக முடியும்.

ஒரு காலை காளியப்பனின் பால் வாளியைக் கவிழ்த்தார்கள். உள்ளே வடிதுணிக்கு அடியில் சோறு.

"யாருக்கு?" என்று கேட்டார்கள்.

காளியப்பன் சேவலைப் போலக் கூவினான். அதற்குப் பிறகு அவன் வாயில் நேரான பதில் வரவில்லை. போலீஸ் நிலையத்தில் மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டான். பெயர் கேட்டால் "மழை" என்றான்.

போலீஸ் அதிகாரி ஒரு வெள்ளைக்காரர், செம்மீசை வைத்தவர். அவர் கைதியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கேட்டது ஒரே கேள்வி: இது பைத்தியமா, நடிப்பா?

பைத்தியம் என்றால் வடக்கே பெரிய மனநல ஆஸ்பத்திரி. கொஞ்ச காலத்தில் வீடு திரும்பலாம். நடிப்பு என்றால், காட்டுக்காரர்களுக்குச் சோறு கொண்டு போனவன் என்று ஆகிவிடும். காவலில் வைத்து, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். அவனோ கைக்குழந்தையோடு மனைவியை இங்கே வைத்திருப்பவன். அங்கே அவனுக்கு யாருமே இல்லை.

ஆக, டாக்டர் எழுதப் போகும் ஒரு சொல்லில் ஒரு குடும்பம் தொங்கிக்கொண்டிருந்தது.

நிபுணர் நான்

இந்த விஷயத்தில் என் கருத்தை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னேன். ஏனென்றால் பைத்தியத்தில் நான் நிபுணன்.

ஆஸ்பத்திரி வேலை எனக்கு வயிற்றுக்கு. உயிருக்கு நாடகம். லாரியில் தகரப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாகத் திருவிழாக்களுக்குப் போகும் குழுவில் நானும் ஒருவன். பைத்தியக்காரன் வேடம் என்றால் அது என்னுடையது. "முத்துவுக்கு அதுக்கு மேக்கப்பே தேவையில்ல" என்று எங்கள் வாத்தியார் எல்லோரிடமும் சொல்வார். அதைப் பாராட்டு என்று பல வருடம் நம்பியிருக்கிறேன்.

காளியப்பனைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட பூரிப்பைச் சொல்ல முடியாது. கைலி முனையைக் கடிப்பது, கூரையைப் பார்த்துச் சிரிப்பது, திடீரென்று கூவுவது, ஒன்றுகூட விடாமல் நான் மேடையில் செய்வதையெல்லாம் அவன் செய்தான். அப்படியானால் என் நடிப்பு எவ்வளவு தத்ரூபம்! அசல் பைத்தியமே வந்து சாட்சி சொல்கிறது!

"சந்தேகமே வேண்டாம் டாக்டர். அசல்" என்றேன்.

"எப்படிச் சொல்கிறாய்?"

"மாட்டுக்கு அஞ்சு கால் என்கிறானே!"

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "முத்து, நான் எத்தனையோ மனநோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். தன்னை சுல்தான் என்று சொன்னவனும் மாட்டுக்கு நாலு கால் என்றுதான் சொன்னான். நாலுக்குப் பக்கத்தில் போய் அஞ்சு, அஞ்சுக்குப் பக்கத்தில் ஆறு, ஏழுக்குப் பக்கத்தில் எட்டு. ஒவ்வொரு தடவையும் சரியான விடையின் வாசல் வரை போய், கதவைத் தட்டாமல் திரும்புகிறான். வாசல் எங்கே என்று தெரியாமல் அப்படிப் போக முடியுமா?"

எனக்கு எங்கள் வாத்தியார் நினைவு வந்தது.

காட்டுபவனும் மறைப்பவனும்

டாக்டர் தானிடம் இப்படி வந்தவர்கள் ஒன்றிரண்டு பேரா? கட்டாயப் போலீஸ் சேவைக்கு அழைப்பு வந்ததும் காதில் குரல் கேட்க ஆரம்பித்த வாலிபன் ஒருவன் இருந்தான். "குரல் நிக்கவே மாட்டேங்குது டாக்டர், ராத்திரி பகலா" என்றான். "அதைக் குறைக்க என்ன செய்கிறாய்?" என்று டாக்டர் கேட்டார். பையன் விழித்தான். அப்படி ஒரு கேள்வி வரும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

உண்மையாகவே குரல் கேட்ட ஒருவரையும் எனக்குத் தெரியும். தெங்கேராவில் தையல்காரர். குரல் வரும்போதெல்லாம் தையல் மெஷினை வேகமாக மிதிப்பார். அந்தச் சத்தத்துக்குள் மெதுவாகக் குரலுக்குப் பதில் சொல்லிக்கொள்வார், வாடிக்கையாளர் காதில் விழாதபடி. இத்தனை வேகமாகத் தைக்கிறாரே என்று ஊரே மெச்சியது. எங்களிடம் அவரைக் கூட்டி வந்தபோது, "ஒண்ணும் இல்லைங்க, லேசா தலைவலி" என்றுதான் சாதித்தார்.

"நோய் உள்ளவன் மறைப்பான். இல்லாதவன் கடை விரிப்பான்" என்பார் டாக்டர். அந்தத் தையல்காரரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் தாழ்ந்துவிடும்.

காளியப்பன் பெரிய கடையாக விரித்திருந்தான். ஆனால் சாப்பாடு வந்தால் கடையை மூடிவிடுவான். அமைதியாகச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டு, பிறகுதான் கூவுவான்.

ரப்பர் கொட்டை

மறுநாள் டாக்டர் சட்டைப்பையில் ஒரு ரப்பர் கொட்டையோடு வந்தார். காளியப்பனுக்குக் காட்டி, ஒரு கைக்குள் வைத்து இரண்டு கைகளையும் மூடினார். "கண்ணை மூடிக்கொண்டு பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல். பிறகு கொட்டை இருக்கும் கையைத் தொடச் சொல்."

காளியப்பன் கண்ணை மூடினான். "பத்து, ஒம்பது, எட்டு" என்று ஒன்று வரை வந்து கண்ணைத் திறந்தான். வெறுங்கையைத் தொட்டான்.

மறுபடியும் செய்தார். மறுபடியும் வெறுங்கை. காலையில் பல தடவை, சாயங்காலம் பல தடவை. ஒரு தடவைகூடக் கொட்டை உள்ள கையை அவன் தொடவில்லை.

"பாவம் டாக்டர். ஞாபகம் சுத்தமாப் போயிடுச்சு."

"அப்படியா? நீ திரும்பி நில்."

நான் பார்க்காதபோது கொட்டையை மறைத்து, என்னை ஊகிக்கச் சொன்னார். சில தடவை சரி, சில தடவை தப்பு.

"ஒன்றுமே தெரியாத நீயே பாதிக்குப் பாதி சரியாகச் சொல்கிறாய்" என்றார் டாக்டர். 'ஒன்றுமே தெரியாத' என்பதைக் கொஞ்சம் அழுத்தினார். "எப்போதும் தப்பாகவே தொட வேண்டும் என்றால் கொட்டை எங்கே இருக்கிறது என்று நன்றாக ஞாபகம் இருக்க வேண்டும். அது போகட்டும், கைக்கு ஆறு விரல் என்கிறவன் பத்திலிருந்து தலைகீழாக எப்படி எண்ணினான்?"

அப்போதும் நான் விடவில்லை. "ஒருவேளை இது புதுவகைப் பைத்தியமோ?"

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில், எனக்கும் ஒரு கட்டில் காலியாக இருக்கிறதா என்று யோசிப்பது தெரிந்தது.

"சரி, உன் நடிப்புத் திறமையைக் காட்டு" என்று ஒரு வேலை கொடுத்தார். காளியப்பனின் கட்டிலருகே நின்று, பக்கத்துக் கட்டில்காரரிடம் உரக்கச் சொன்னேன்: "அசல் பைத்தியமா இருந்தா சாப்பிடறப்ப இடது காதைப் பிடிச்சுக்குவாங்க பாய். இவன் பிடிக்கலையேன்னு டாக்டருக்கு ஒரே சந்தேகம்."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் துணிக்கடை காதர் பாய். குடலிறக்க ஆப்பரேஷன் முடிந்து படுத்திருந்தார். பேச்சுக்குப் பேச்சு மலாய் 'லா' ஒட்டவைக்கிறவர். "அல்லாவே!" என்று வியந்தார்.

மதியச் சாப்பாடு வந்தது. காளியப்பன் வலது கையால் சோற்றைப் பிசைந்தான், இடது கையால் இடது காதைப் பிடித்துக்கொண்டான். பக்கத்தில் பார்த்தால் காதர் பாயும் காதைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுகிறார்.

"என்ன பாய், நீங்களுமா?"

"அந்தக் கட்டிலுக்கு மட்டும் பால் ரெண்டு கோப்பை வருது லா. எனக்கு குடல்தான் இறங்குச்சு, ஆனா ஒரு கோப்பை பாலுக்கு ஒரு காதைப் பிடிக்கக் கூடாதா?"

கிடாய்

இனி எழுத வேண்டியதுதானே? டாக்டர் எழுதவில்லை.

"நடிக்கிறான் என்று தெரிந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. பாதி விஷயத்தை எழுதினால் முழு ஆள் கப்பலேறுவான்" என்றார். செம்மீசைக்காரர் தினமும் டெலிபோன் செய்தார். வார முடிவுக்குள் பதில் வேண்டும் என்று கடைசியாகச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் காளியப்பனின் மனைவி அஞ்சலை, பாஸ் வாங்கிக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். லாரியில் வந்த செம்மண் தலையெல்லாம்.

"என்னங்க, என்னைத் தெரியுதா?"

"யாரு நீ? வெத்திலைக்காரியா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, நெசமாவே இப்படித்தான் ஆயிட்டாரா?"

என்ன சொல்வது? சிமெண்டுத் தரையில் கால்விரலால் கோடு போட முடியாததால் சுவரைப் பார்த்தேன்.

குழந்தையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது யாருன்னாவது சொல்லுங்க."

"பூசணிக்கா" என்றான். குரல் லேசாக உடைந்தது. உடனே கூவி அதை மூடினான்.

அஞ்சலை அழவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "சரி. நீங்க பைத்தியமாகிட்டீங்க, எனக்கு அந்த வசதி இல்ல. பிள்ளைக்குப் பால் மாவு வேணும். எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு எழுதற பெரிய கிராணி நம்ம கிடாயைக் கேக்குறாரு. நாளைக்கு வந்து ஓட்டிக்கிட்டுப் போகச் சொல்லிட்டேன்."

காளியப்பன் கட்டிலிலிருந்து குதித்தான்.

"எந்தக் கிடா?"

"நம்மகிட்ட இருக்கிறதே ஒண்ணுதானே."

"அடியே! அது முனிக்கு நேர்ந்து விட்டதுடி! பிள்ளை காய்ச்சல்ல கெடந்தப்ப நீயும் நானும் சேர்ந்துதானே நேர்ந்தோம்! மஞ்சத்தண்ணி தெளிச்ச கிடாயை அந்தக் கிராணி வாயில போடறியா? பிள்ளைக்கு ஆகுமா? அறிவிருக்கா உனக்கு?"

காதர் பாய் காதிலிருந்து கையை எடுத்தார்.

"முடிஞ்சது லா" என்றார்.

அஞ்சலை குழந்தையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்கவும் அழவும் ஆரம்பித்தாள். "எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பாவி மனுசா, என்கிட்டகூடவா!"

மனைவியை மறந்தவன், பெற்ற பிள்ளையைப் பூசணிக்காய் என்றவன், அவனால் சாமிக்கு நேர்ந்த கிடாயை மறக்க முடியவில்லை. போலீசுக்குப் பயந்து பைத்தியமாகலாம். முனியாண்டியிடம் அந்த நடிப்பெல்லாம் எடுபடுமா?

யார் சொல்லிக் கொடுத்தது?

கதவருகில் டாக்டர் நின்றிருந்தார். காவலுக்கு இருந்த கான்ஸ்டபிளைக் காப்பி குடித்து வரச் சொன்னார். கதவைச் சாத்தினார். "இப்போது மொழிபெயர். கூட்டாதே, குறைக்காதே, பெருமூச்சு விடாதே."

காளியப்பன் சொன்னான். லயம் வேலிக்குள் வந்துவிட்டது. முனியாண்டி கோயில் வெளியே, தோட்டத்துக்குள் நின்றுவிட்டது. கோயில் என்றால் ஒரு பெரிய மரம், ஒரு கல், ஒரு சூலம். காவல் தெய்வம் பட்டினி கிடக்கலாமா? லயத்துப் பெண்கள் ஆளுக்கு ஒரு வாய் தங்கள் பங்குச் சோற்றில் ஒதுக்கினார்கள். காளியப்பன் வெட்டும் மரநிரை கோயிலை ஒட்டி இருந்ததால் வாரம் ஒருமுறை அவன் கொண்டு போய்ப் படைத்தான்.

"இதைச் சொல்லியிருக்கலாமே!" என்றேன்.

"சொன்னா எல்லா வீட்டுப் பொம்பளைங்களையும் இழுப்பாங்கண்ணே. லயம் முழுசுக்கும் அரிசியைக் குறைச்சிடுவாங்க. நான் ஒருத்தன் பைத்தியமாப் போயிட்டா யாருக்கும் சேதாரமில்ல பாருங்க."

டாக்டர் அவன் கட்டிலருகே வந்தார். பிறகு கேட்டார்: "இந்தக் கூவல், ஐந்துகால் மாடு, இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?"

கேள்வியைத் தமிழில் சொன்னேன். காளியப்பன் என்னையே பார்த்தான்.

"என்னண்ணே இப்படிக் கேக்கறீங்க? நீங்கதான். எங்க எஸ்டேட்டுத் திருவிழாவுல பைத்தியமா ஆடுனீங்களே. மாட்டுக்கு அஞ்சு கால்னு நீங்க சொன்னப்ப ஜனம் உருண்டு உருண்டு சிரிச்சுதே! அத அப்படியே மனசுல வாங்கிக்கிட்டேன்."

"என்ன சொல்கிறான்?" என்றார் டாக்டர்.

"ஏதோ நாடகம் பார்த்தானாம் டாக்டர்."

"யார் நடித்தது?"

மொழிபெயர்ப்பாளனாக என் வாழ்வில் நான் தாமதித்துச் சொன்ன ஒரே பதில் அதுதான். டாக்டர் சிரித்துச் சிரித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, காளியப்பனின் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சுருட்டு

ஆனால் சிரிப்பு செம்மீசைக்காரரிடம் செல்லாது. டாக்டர் கோயில் படையலைப் பற்றிச் சொன்னதும், "சோறு யாருக்கு என்பதல்ல என் கேள்வி. கடைசியில் அதைத் தின்றது யார்?" என்று டெலிபோனில் கேட்டார். நியாயமான கேள்விதான். கல்லுக்கு முன்னால் வைத்த சோற்றைக் காட்டுக்காரர்கள் எடுத்துத் தின்றிருந்தால், காளியப்பனின் பக்தி கோர்ட்டில் நிற்காது.

டாக்டர் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "எங்கள் வீட்டு வாசல் மரத்தடியில் இருக்கும் காவல் தெய்வம் டத்தோவுக்கு என் மனைவி பலகாரம் வைப்பாள். அதைத் தின்பது யார் என்று இதுவரை நான் கேட்டதில்லை."

இரும்புத் தகடு போட்ட போலீஸ் வண்டியில் எல்லோரும் போனோம். காளியப்பன் முன்னால், துப்பாக்கிக்காரர்கள் சுற்றிலும், எல்லாருக்கும் பின்னால் நான். பின்னால் இருப்பதுதான் ஆபத்து என்று ஒருவர் சொன்னதும் நடுவுக்கு மாறிக்கொண்டேன்.

மரத்தடியில் கல், சூலம், கிழிந்த இலைகள். ஒரு பருக்கைகூட இல்லை. செம்மீசைக்காரர் டாக்டரைப் பார்த்தார். காளியப்பனின் முகம் வெளிறியது.

பிறகு அவர் குனிந்தார். கல்லின் ஓரத்தில், முனியாண்டிக்குப் படைத்த சுருட்டுகள் வரிசையாக இருந்தன. வாரம் ஒன்றாக வைத்தவை. கடைசியாக வைத்தது மட்டும் கறுப்பாக இருந்தது, மற்றவை பூஞ்சை பூத்து வெளுத்திருந்தன. ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை.

அவர் ஒரு சுருட்டை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தார். மேலே கிளையில் குரங்குகள், அடுத்த இலை எப்போது வரும் என்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"காட்டில் ஒளிந்து கிடக்கிறவன் சோற்றைக்கூட விடுவான். புகையிலையை விடமாட்டான்" என்றார் மெதுவாக. சுருட்டை எடுத்த இடத்திலேயே, வரிசை கலையாமல் வைத்தார்.

திரும்பும்போது டாக்டரிடம் கேட்டார்: "அப்போ அந்தப் பைத்தியம்?"

"நடிப்பு. அதுவும் மோசமான நடிப்பு" என்றார் டாக்டர். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அறிக்கையில் அவர் பொய் எழுதவில்லை. ஆளுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று எழுதி, அந்தப் புத்தி எதற்காக மறைந்திருந்தது என்பதையும் எழுதினார். விதியை மீறியதற்குக் காளியப்பன் சில வாரம் உள்ளே இருந்தான். கப்பல் அவன் இல்லாமலே போயிற்று. லயத்துக்கு அரிசியும் குறையவில்லை.

வேலிக்குள் வந்த சாமி

செம்மீசைக்காரரே அனுமதி கொடுக்க, முனியாண்டியை வேலிக்குள் கொண்டு வந்தார்கள். கல்லையும் சூலத்தையும் தலையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிளுக்குக் குழப்பம். அடையாளக் கார்டு இல்லாத யாரையும் உள்ளே விடக் கூடாது என்பது உத்தரவு. கடைசியில், "இவரு இங்கயே பொறந்தவரு லா, எல்லாருக்கும் தெரிஞ்ச முகம்" என்று காளியப்பன் ஜாமீன் சொன்னான்.

கிடாய் வெட்டிய நாளன்று எங்கள் நாடகமும் இருந்தது. ஊரடங்கு காரணமாக நடுப்பகல் வெயிலில்தான் நாடகம். என் முகத்து மாவு வேர்வையில் வழிந்தது. முன்வரிசையில் டாக்டர் தான், தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் தரையில் அஞ்சலையும், மடியில் பூசணிக்காயோடு காளியப்பனும்.

என் காட்சி வந்தது. கைலி முனையைக் கடித்தேன். கூரை இல்லாததால் வானத்தைப் பார்த்தேன்.

கூட்டத்திலிருந்து காளியப்பன் கையை வாயருகே குவித்துக் கத்தினான்: "அண்ணே! மாட்டுக்கு எத்தனை கால்?"

ஜனங்கள் சிரிக்கத் தயாரானார்கள். அவர்களுக்கு விடை தெரியும். மேடையில் சக நடிகர்களுக்கும் தெரியும். நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் விசிறுவதை நிறுத்தியிருந்தார்.

தெங்கேராத் தையல்காரரை நினைத்துக்கொண்டேன். வாயிலிருந்து கைலியை எடுத்தேன். யாருக்கும் ஏதும் தெரிந்துவிடக் கூடாதே என்பதுபோல், மெதுவாக, கவனமாகச் சொன்னேன்.

"நாலு."

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு அம்மாள் மட்டும், "ஐயோ பாவம், இந்தப் பையனுக்கு நெசமாவே என்னமோ ஆயிடுச்சு" என்றாள்.